எதை வைத்து ஊரை அளப்பது

1

பஞ்சர் கடைக்காரர் ‘இதுல காத்தே இல்லைங்க’ என்று கைவிரிக்கிற டயருக்குள்ளும் காற்று இருக்கிறது. வெளியே எவ்வளவு அழுத்தமோ உள்ளேயும் அவ்வளவு அழுத்தம், அவ்வளவுதான். அவர் கையிலிருக்கும் கருவி அதைப் பூஜ்யம் என்று காட்டுகிறது. கருவி பொய் சொல்லவில்லை. சுற்றியிருக்கும் காற்றைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. அதே டயரை ஓட்டையை அடைத்து நிலாவில் கொண்டுபோய் வைத்தால் அதுவே புடைத்துக்கொண்டு நிற்கும்.

ஜெர்மனியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இந்தக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சரிபார்ப்பது என்றால் ஒப்பிடுவது. ஒரு கருவியை அதைவிட நல்ல கருவியின் பக்கத்தில் வைத்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுத வேண்டும். அந்த நல்ல கருவியை இன்னும் நல்ல கருவியோடு வேறொரு ஊரில் வேறொருவர் ஒப்பிட்டிருப்பார். கடைசியில் எது சரி என்று கேட்காதீர்கள். எல்லாம் எதையோ சார்ந்துதான் சரி. இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சம்பளமில்லாமல் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஊரில்தான் நான் வளர்ந்தேன் என்பதால் வேலை சுலபமாக வந்துவிட்டது.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளை நினைவு வைத்துக்கொண்டு சென்ற வைகாசியில் தொழிற்சாலையில் ஒரு கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் என் பெயரை ஓர் எழுத்து குறைத்து எழுதியிருந்தார்கள். மேலாளர் கைகொடுத்து, “இனி நீங்கள் இந்த ஊர்க்காரர்” என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மாலையே அம்மாவிடமிருந்து போன் வந்தது.

அம்மா தானாகப் போன் செய்வதில்லை. அப்பா பேசி முடித்ததும் வாங்கி, ‘சாப்பிட்டியா, குளுருதா’ என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அதனால் பயந்துவிட்டேன்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன. ஊருக்குப் போகணும்போல இருக்குடா.”

“எந்த ஊருக்கு? ஊர்லதானே இருக்க.”

“இது உங்கப்பா ஊரு. நான் நம்ம ஊரைச் சொல்றேன்.”

நம்ம ஊர் என்றால் நெய்வேலி. அப்பா அங்கே சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் மெக்கானிக்காக இருந்தார். ஓய்வு பெற்றதும் தென்காசிப் பக்கம் இருக்கும் தன் சொந்தக் கிராமத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் போய்ப் பல வருடம் ஆகிறது. ஏதாவது கல்யாணம் வருகிறதா என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு இல்லடா. அங்கயே போய் இருந்துடலாம்னு. இருக்கிற வரைக்கும்.”

அம்மா என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஜெர்மனியிலிருந்து என்ன வாங்கி வர என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன், ஒவ்வொரு முறையும் ‘நீ வந்தா போதும்’ என்பாள். இப்போது முதன்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள், அதுவும் ஓர் ஊரைக் கேட்டிருக்கிறாள்.

2

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. எல்லாம் குவார்ட்டர்ஸ். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். ரிட்டயர்மென்ட் அன்று மாலை போட்டு, ஒரு கடிகாரம் கொடுத்து, போட்டோ எடுப்பார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் வீட்டைக் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். லாரி வந்து நிற்கும். பக்கத்து வீட்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் எடுத்துக் கொடுப்பார்கள். இதில் யார்மீதும் குறை சொல்ல எதுவும் இல்லை, வேலைக்குச் சேரும்போதே எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடுதான்.

அதனால் டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் இன்னொரு ஊர் இருந்தது. பொங்கல் வந்தால் தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூருக்கும் சேலத்துக்காரர் சேலத்துக்கும் போய்விடுவார்கள். தெருவே வெறிச்சென்று கிடக்கும். நாங்கள் தென்காசிக்குப் போவோம். நெய்வேலியில் எங்களுக்குத் தென்காசிக்காரர்கள் என்று பெயர். தென்காசியில் நெய்வேலிக்காரர்கள் என்று பெயர். சுற்றுவட்டாரக் கிராமத்தில் டவுன்ஷிப்காரர்கள். மூன்று ஊரிலும் நாங்கள் எப்போதும் இன்னொரு ஊர்க்காரர்களாகவே இருந்தோம். ஆனாலும் ‘எந்த ஊர்’ என்று யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் கிராமத்துப் பெயரைச் சொல்லுவோம். டவுன்ஷிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கிற வியாதி இது.

இந்த வியாதி ஜெர்மனியிலும் என்னை விடவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டபோது, பிறந்த இடம் என்று கேட்ட இடத்தில் நெய்வேலி என்றும், சொந்த ஊர் என்று கேட்ட இடத்தில் பழக்கதோஷத்தில் அப்பாவின் கிராமத்தையும் எழுதிவிட்டேன். அலுவலகத்தில் ஓர் அம்மையார் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இந்தக் கிராமத்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தீர்கள்?”

“வாழவில்லை. விடுமுறைக்குப் போவோம்.”

“உங்கள் அப்பா அங்கே வாழ்ந்தாரா?”

“அப்போது இல்லை. அவருக்கு நெய்வேலியில் வேலை.”

“அம்மா?”

“அம்மாவும் நெய்வேலியில்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ஆக, உங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாழாத ஊர்தான் உங்கள் சொந்த ஊர்.”

ஆமாம் என்றேன். நம் ஊரில் இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் வராது. அவருக்கு வந்துவிட்டது. பேனாவை எடுத்துக் கிராமத்தை அடித்துவிட்டு, அதன்மேல் நெய்வேலி என்று எழுத்துக்கூட்டி எழுதினார். நெய்வேலியை என் சொந்த ஊராக முதன்முதலில் அங்கீகரித்தது ஜெர்மன் அரசாங்கம்தான்.

3

அம்மா சொன்னதை அப்பாவிடம் எடுத்தபோது அவர் சிரித்தார். சிரிப்பில் நல்ல கோபம் இருந்தது.

“அங்கன என்னல இருக்கு? குவார்ட்டர்ஸு நம்மளுதா? சொந்த வீட்டப் பூட்டிப் போட்டுட்டு வாடகை வீட்டுக்குப் போவணுமாக்கும். ஊருல என்ன பேசுவானுவ?”

“பேசட்டுமே, விடுங்க.”

“நீ ஜெர்மனில இருந்துக்கிட்டு சொல்லுவ. இங்கன என்னைய ஆபீசர்னு கூப்பிடுதான். அங்கன போனா நான் யாரு? வாடகைக்கு இருக்க ஒரு கிழவன்.”

இதைப் புரிந்துகொள்ள டவுன்ஷிப்பின் கணக்கு தெரிய வேண்டும். அங்கே ஒருவர் எவ்வளவு பெரியவர் என்பதை அவரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், எந்த பிளாக்கில் எத்தனை அறை குவார்ட்டர்ஸ் என்று கேட்டால் போதும். பெரிய அதிகாரிகள் வீட்டுக்கு வேலிச்செடியும் அதை வெட்ட ஆளும் உண்டு. எங்களுடையது வரிசை வீடு. அந்த வரிசைக்குள்ளேயே மூலை வீட்டுக்காரர் எங்களைவிட ஒரு பிடி மேல், அவருக்குத்தான் பக்கவாட்டில் தோட்டம். அப்பா ஒருநாளும் ஆபீசராக இருந்ததில்லை. ஆனால் காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் கொண்டுவருகிற அம்மா மட்டும் எங்கள் வாசலில் நின்று ‘ஆபீசரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்களும் அப்பாவை சார் என்பார்கள். பர்மனென்ட் என்கிற ஒரு சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. அதே அப்பா அதிகாரிகள் கிளப் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். மனிதர் ஒருவர்தான், உயரம் மட்டும் தெருவுக்குத் தெரு மாறும். கிராமத்தில் ஓய்வூதியமும் மாடி வீடும் உள்ள ஒரே ஆள் என்பதால் அங்கே அவர் உயரம் உச்சத்தில் இருக்கிறது. அதிலிருந்து இறங்கி வா என்று அம்மா கூப்பிடுகிறாள். அப்பாவுக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்?

நான் மட்டும் என்ன. இங்கே வந்த புதிதில் அரசாங்கக் கணக்குப்படி நான் ஏழை. இந்த நாட்டில் சோறு இல்லாதவனை மட்டும் ஏழை என்று சொல்வதில்லை. நாட்டின் நடுத்தர வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்குக் கீழே போனவர்கள் எல்லாரும் ஏழைகள்தான். வாடகை உதவி வேண்டுமா என்று அச்சடித்த தாள் வீட்டுக்கு வந்தது. அதே வாரம் கிராமத்தில் கோயில் கொடைத் திருவிழா வசூலில் முதல் வரி என் பெயரில் போட்டிருப்பதாக அப்பா பெருமையாகச் சொன்னார். ஏழையும் பணக்காரனுமாக ஒரே நேரத்தில் இருந்த மகராசன் நான்.

பல நாள் பேச்சுக்குப் பிறகு அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கினார். “நீ லீவுல வா. ஒரு நாளு போய்ப் பாப்போம். வீடு கிடைச்சா மேற்கொண்டு பேசலாம். கிடைக்கலன்னா இந்தப் பேச்ச எவளும் எடுக்கப் பிடாது.” ஒரே நாளில் கிடைக்காது என்பது அவர் கணக்கு. அம்மா அதற்கும் சரி என்றாள்.

4

“அப்பா, நாங்க எப்போ தாத்தாகிட்ட பறக்கிறோம்?” என்று கேட்டாள் கயல். என் மகள், பத்தாம் வகுப்பு. அவள் தமிழில் வார்த்தைகள் நம்முடையவை, வரிசை ஜெர்மன்காரர்களுடையது. ‘நாம’ என்று சொல்ல அவளுக்கு வருவதில்லை, ஜெர்மனில் ‘நாங்க’வுக்கும் ‘நாம’வுக்கும் சேர்த்து ஒரே சொல்தான். அதனால் எதைச் சொன்னாலும் என்னை வெளியே விட்டுவிட்டே சொல்லுகிறாள். நாங்க கடைக்குப் போறோம், நாங்க படம் பாக்குறோம். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கிறது.

பயணத்துக்கு முன் அவளுக்கு இயற்பியல் பாடம் ஒன்று இருந்தது. ரயிலில் உட்கார்ந்திருப்பவர் நகர்கிறாரா, இல்லையா? நான் விளக்கத் தயாராகி, எங்கள் ஊர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டின் மேல் கிடக்கும் நிலக்கரிக் கட்டி என்று ஆரம்பித்தேன். அவள் தோளைக் குலுக்கி, இங்கே எல்லாரும் எதற்கும் சொல்லும் ‘அது பொறுத்தது’ என்பதைச் சொன்னாள். எதைப் பொறுத்தது? யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. முழு மதிப்பெண். கன்வேயர் பெல்ட்டை அவள் கேட்கவே இல்லை.

அவளுடைய வயலின் ஆசிரியைக்கும் எனக்கும் கூட இதே தகராறுதான். என் மனைவி பாடுவாள் என்று தெரிந்து, ‘உங்கள் ஸ என்ன சுரம்’ என்று கேட்டார். பாடுகிறவர் தொண்டைக்கு எது வசதியோ அதுதான் ஸ, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் அடிவாரத்தை வைத்துக்கொண்டு மலை ஏறுவீர்களா என்றார். நூற்றாண்டுகளாக அப்படித்தான் ஏறுகிறோம் என்றேன்.

மணி சொல்வதில்கூட அப்படித்தான். ஏழரைக்கு நாம் ஏழைத் தாண்டி அரை என்கிறோம். இவர்கள் எட்டை நோக்கி அரை என்று ‘அரை எட்டு’ என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அரை எட்டுக்கு வரச் சொன்னார்கள். நான் எட்டரைக்குப் போய் நின்றேன். சுரங்கத்துச் சங்கு ஊதினால் ஒரு நிமிடம் பிந்தாத குடும்பத்தில் வந்தவன், ஒரு மணி நேரம் தாமதம். அன்று பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

5

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் கயலும் மட்டும் கிளம்பினோம். கிராமத்தில் அம்மாவைப் பார்த்ததும் இளைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்து அதையே சொன்னாள்.

அவளுக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை என்பதுதான் அப்பாவின் வாதம். வீடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சாரல் காற்று இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் பத்தொன்பது வயதில் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள் அவள். பிறந்த வீடு அண்ணன்கள் காலத்திலேயே கைமாறிவிட்டது. அவள் பேச்சில் தெற்கு கொஞ்சமும் கடலூர்ப் பக்கம் நிறையவும் கலந்திருக்கிறது. ‘சொல்லிக்கினு இருந்தேன்’ என்று அவள் சொன்னால் கிராமத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். தெருவில் அவளுக்குப் பெயர் நெய்வேலிக்காரி. குழாயடியில் ஒருத்தி, “நெய்வேலிக்காரியம்மா வாராவ, வழிய விடுங்கட்டீ” என்றதை நானே கேட்டேன். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மா அருகில் போனதும் பேச்சு நின்றது, அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும் பேச்சு மறுபடி தொடங்கியது.

“தினமும் இப்படித்தானாம்மா?”

“பழகிப்போச்சு. அவங்க என்ன செய்வாங்க, பாவம். ரெண்டு தலைமுறைக் கதையைப் பேசிக்கினு இருக்காங்க. அதுல எனக்கு ஒரு பேரும் தெரியாது.”

“அப்பாகிட்ட இதைச் சொன்னியா?”

“அவருக்கு எல்லார் பேரும் தெரியும். அவருக்கு எப்படிடா புரியும்?”

இதைச் சொல்லிவிட்டு அவள் தோசைக்கு மாவு எடுத்து வைக்கப் போய்விட்டாள். வாரா வாரம் போனில் ‘ஊர்ல எல்லாம் சௌக்கியமா’ என்று நான் கேட்டதும், அவள் ‘எல்லாரும் சௌக்கியம்’ என்று சொன்னதும், யாருடைய சௌக்கியத்தைப் பற்றி என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

6

காலையில் விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு வண்டி பிடித்து, கயலோடு சேர்த்து நான்கு பேரும் நெய்வேலிக்கு வந்தோம். அதே நாள் சாயங்காலம் திரும்பும் ரயில். அப்பா முன் ஸீட்டில் ஒப்பந்தத்தைக் காக்க வந்த ஆளைப்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆனால் டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் டிரைவருக்கு வழி சொன்னது அவர்தான். ‘லெப்ட்ல எடுங்க, இது ஒன் வே ஆக்கிட்டான் போல’ என்று அவர் பேச்சே மாறிவிட்டது, தென்காசி எங்கோ போய்விட்டது.

முதலில் பழைய குவார்ட்டர்ஸைப் பார்க்க வேண்டும் என்றேன், அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டு. அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதைப் படமெடுக்க போனைக்கூடக் கையில் தயாராக வைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. கதவைத் திறந்தது இடுப்பில் குழந்தையோடு ஒரு வடநாட்டுப் பெண். ஓரளவு தமிழ் பேசினாள். தண்ணீர் கொடுத்தாள். தங்கள் பண்டிகையான சத் பூஜைக்கு ‘நேட்டிவ்’ போய்விட்டு வருவோம் என்றாள். அந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் அவர்களுக்கு வேறொரு நேட்டிவ் வந்துவிடும்போலும்.

அம்மா வீட்டைப் பார்க்கவே இல்லை. வாசலில் காய்ந்த துணியைப் பார்த்தாள். “இந்தப் பக்கம் கட்டாதம்மா. காத்து திரும்பிச்சுன்னா பவர் ஹவுஸ் சாம்பல் படும். பின்னாடி கட்டு” என்றாள். அந்தப் பெண் கொடியை எங்கே கட்டுவது என்று கேட்க, இருவரும் பின்பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது அம்மா அந்தக் குழந்தையைத் தூக்கிவைத்திருந்தாள். என் போன் படம் ஏதும் எடுக்காமல் பைக்குள் போனது. ரயில் நேரத்துக்குத்தான் வருகிறதா என்று அதில் நான்கைந்து முறை பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டவுன்ஷிப்பின் நுழைவாயில் வளைவைத் தாண்டி வெளியே புதுப்புது நகர்கள் முளைத்திருக்கின்றன. தரகர் காட்டிய முதல் வீடு மாடியில், படி செங்குத்து, அம்மாவின் முட்டி ஒத்துக்கொள்ளாது. இரண்டாவது வீட்டுக்காரர் குடும்பத்துக்கு விடுவதில்லை என்றார். கான்ட்ராக்ட் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து எடுத்தால் அவருக்கு லாபம். மதியம் தாண்டிவிட்டது. அப்பா வாட்சைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் ஒண்ணு இருக்குன்னாரே” என்றாள்.

7

மூன்றாவது வீடு தரைதளம். இரண்டு அறை, பின்னால் கிணறு, வாசலில் வேம்பு. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டாவது அறையில் என் கட்டிலை மனதுக்குள் போட்டே விட்டேன். லீவுக்கு வந்தால் நெய்வேலியில் எனக்கு ஓர் அறை, கதவுக்குப் பின்னால் என் சட்டை. அம்மா தனக்காகக் கேட்டதில் எனக்கும் ஒரு பங்கு சத்தமில்லாமல் சேர்ந்திருந்தது.

வீட்டுக்காரர் கலியபெருமாள், அறுபத்தைந்து இருக்கும். பக்கத்துப் பகுதியில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். முதல் கேள்வியே அதுதான்.

“எந்த ஊருங்க?”

“தென்காசிப் பக்கம்” என்றார் அப்பா உடனே. “சொந்த வீடு, தோப்பு எல்லாம் அங்கன இருக்கு.”

கலியபெருமாள் முகம் கொஞ்சம் மாறியது. நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து நான் குறுக்கே புகுந்தேன். “நான் ஜெர்மனில இருக்கேங்க. வாடகை, அட்வான்ஸ் எதுக்கும் பிரச்சனை வராது.”

முகம் இன்னும் மாறியது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் நிலைப்படியில் சாய்ந்து நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். வாடகை ஒரு விஷயம் இல்ல. இதுக்கு முன்னாடி ஒரு சேலத்துக்காரர் குடும்பம் இருந்துச்சிங்க. மைன்ஸ்ல ரிட்டயர் ஆனவங்க. எங்க வூட்டுக்காரி அந்தம்மாகூட ஒண்ணாமண்ணா பழகிக்கினு இருந்தா. ஒரு நாளு, சொந்த ஊருக்குப் போறோம்னு லாரிய கொண்ணாந்து நிறுத்திட்டாங்க. இவ ஒரு மாசம் சரியா சாப்புடல.”

“நாங்க அப்படிப் போக மாட்டோங்க” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. டவுன்ஷிப்காரங்க எல்லாருக்கும் இன்னொரு ஊரு இருக்குது. எங்களுக்கு இல்ல. எங்க ஊரு மைன்ஸுக்குள்ள போயிடுச்சி. இனிமே இதான். நீங்க இன்னைக்குத் தென்காசிங்கிறீங்க, புள்ள ஜெர்மனிங்கிறாரு. நாளைக்கு இங்க போறதோ அங்க போறதோ, போறது போறதுதானுங்களே. வந்து பழகிட்டுப் போறவங்கள பாத்துக்கினே இருக்க முடியலைங்க.”

எந்த ஊர், எந்த வருடம் என்றுகூட அப்பா கேட்கவில்லை. அவர் கவனித்துக்கொண்ட கன்வேயரில் அந்த ஊரின் மண்ணும் போயிருக்கலாம். நான் டவுன்ஷிப்பை என் ஊர் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, இந்த மனிதருக்கு நாங்கள் வந்து போகிறவர்கள். வீடு கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. ஒரு கடைசி முயற்சியாக, “எனக்கும் இதுதாங்க ஊரு. இங்கதான் பொறந்தேன். நானும் அப்பப்ப வந்து இருப்பேன்” என்றேன்.

அம்மா எழுந்து, கலியபெருமாளை விட்டுவிட்டு, நிலைப்படியில் நின்ற அந்த அம்மாளிடம் போனாள்.

“இவன் சொல்றத எடுத்துக்காதீங்க. இவன் போறவன். இந்த ஊர்ல பொறந்தான், இங்க படிச்சான், போயிட்டான். போறவங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்கணும்னா இதோ நிக்கிறான் பாருங்க, காலையிலேந்து ரயில் எப்ப வருதுன்னு போனையே பாத்துக்கினு இருக்கான். அவனுக்கு ரூம் வேணாம், வந்தா விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவான். நாங்க ரெண்டு பேருதான். எங்கள வேலை முடிஞ்சதுன்னு அனுப்பினாங்க, போனோம். நாங்களா போகல.”

சொல்லும்போது அவள் குரலில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. அடுப்பில் உலை கொதித்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது. மறுக்க வாயைத் திறந்தேன். மறுத்தால் அவளுக்கு வீடு போய்விடும் என்பதால் மூடிக்கொண்டேன்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆமாங்க. அவ சொல்றது சரிதான். நாங்க ரெண்டு பேருதான்” என்றார்.

கயல் என் சட்டையைப் பிடித்து இழுத்து, பாட்டி என்ன சொன்னாங்க என்று ஜெர்மனில் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

கலியபெருமாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தோளில் பை, காலில் ஷூ, கையில் மறுபடி எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாத போன். அந்த அம்மாள், “குடுத்துடுங்க” என்றார். கலியபெருமாள் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தார்.